மின்னஞ்சலின் தலையெழுத்து

கு. அழகிரிசாமி தன் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் இன்று புத்தகமாக நம் கையில் இருக்கின்றன. 1950களில் கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசனில் வேலை பார்த்தவர் அழகிரிசாமி. தாள், மை, தபால்தலை. அவ்வளவுதான் அந்தக் காலத்துத் தொழில்நுட்பம். அரை நூற்றாண்டைத் தாண்டியும் ஒரு புள்ளி குறையாமல் வாசிக்க முடிகிறது. ஆனால் 1998இல் மலேசிய எழுத்தாளர் ஒருவர் சிங்கப்பூர் நண்பருக்குத் தமிழில் அனுப்பிய மின்னஞ்சலை இன்று திறந்தால் என்ன வரும்? பெரும்பாலும் தலையில் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தாம் வரும்.

சில வருடங்களாக மூத்த எழுத்தாளர்களின் பழைய மின்னஞ்சல்களைத் திறந்து கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய வட்டுகளிலிருந்து எடுத்த கோப்புகளோடு வருவார்கள். “தம்பி, இதுல ஒண்ணுமே புரியலை. வைரஸ் வந்துடுச்சோ?” என்பார்கள். வைரஸ் இல்லை. அந்த மின்னஞ்சல்கள் பழுதாகவும் இல்லை. அவற்றின் தலையெழுத்துதான் சரியில்லை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு மின்னஞ்சலின் தலையிலும், நம் கண்ணுக்குக் காட்டப்படாமல், சில வரிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஹெட்டர் என்பார்கள். கீழே உள்ளதை எந்த எழுத்தாக வாசிக்க வேண்டும் என்பதை அந்த வரிகள்தாம் சொல்கின்றன. அங்கே பொய் எழுதியிருந்தால் கீழே உள்ள உண்மை யாருக்கும் தெரியாது. நம் மொழியின் மின்னஞ்சல்கள் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டுதான் பயணம் செய்தன. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏழு பிட் உலகம்

1971இல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் வலைப்பின்னல் மின்னஞ்சலை அனுப்பினார். பயனர் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவே ‘@’ குறியை வைத்தவரும் அவர்தான். அப்போது தலைப்பகுதிக்கென்று பொதுவான சட்டம் கிடையாது. ஆளுக்கொரு மாதிரி எழுதினார்கள். 1973இல் சிலர் கூடி ஒரு வடிவத்தை முன்மொழிந்தார்கள். 1982 ஆகஸ்ட்டில் டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம் அதை உறுதியாக்கியது. அனுப்புநர், பெறுநர், நாள், பொருள், அதன் பிறகு ஒரு வெற்று வரி, அதற்குக் கீழே செய்தி. பள்ளியில் அலுவல் கடிதம் எழுதிய எல்லாருக்கும் இந்த அமைப்பு பழக்கமானதுதான்.

அந்த ஆவணத்தில் எழுத்து என்றால் ஆஸ்கி எழுத்து மட்டும்தான். ஆஸ்கி ஏழு பிட் கொண்டது. ஏழு பிட்டில் 128 இடங்கள் கிடைக்கும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள், நிறுத்தற்குறிகள், கட்டுப்பாட்டுக் குறிகள் ஆகியவற்றோடு இடம் தீர்ந்துவிடும். யாரும் மற்ற மொழிகள் மீது வெறுப்பு கொண்டு இதைச் செய்யவில்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது, அவ்வளவே. ஆனால் ஒருவருக்குப் போதுமானது சட்டமாகும்போது மற்றவர்கள் அதற்குள் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கிறது.

எட்டாவது பிட்டைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? வழியில் இருந்த பல சர்வர்கள் அதைக் கத்தரித்துவிட்டு அனுப்பின. ஒரு பிரெஞ்சுக்காரர் ‘கஃபே’ என்று தன் மொழியில் எழுதினால் கடைசி எழுத்தின் மேலுள்ள கோடு மட்டும் போகாது. எழுத்தே மாறி ஆங்கில ‘ஐ’ ஆகிவிடும். அவர் எழுதிய ‘கஃபே’ போய்ச் சேரும்போது ‘கஃபி’. சிரிப்பாக இருக்கிறது இல்லையா? ஒரு முழு எழுத்துமுறையே அந்த எட்டாவது பிட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் சிரிப்பு வராது.

எழுத்துக்கே இந்தக் கதி என்றால் படமும் கோப்பும் எப்படிப் போயின? 1980இல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் ஒரு வழி செய்தார். எந்தக் கோப்பையும் ஆஸ்கி எழுத்துகளாக மாற்றி, செய்தியின் உடலுக்குள்ளேயே ஒட்டிவிடும் யூயூஎன்கோட் முறை அது. ‘தொடக்கம்’ என்று பொருள்படும் ‘பிகின்’ என்ற ஆங்கிலச் சொல்லில் அந்தக் கட்டு ஆரம்பிக்கும். இங்கே இணைப்பு இருக்கிறது என்று தலைப்பகுதி எதுவும் சொல்லாது. பெறுபவரின் மென்பொருள் அந்தச் சொல்லைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஊகம் எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பின்னாளில் ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரு வரி ‘பிகின்’ என்ற சொல்லோடும் அதைத் தொடர்ந்து இரண்டு இடைவெளியோடும் தொடங்கினால், அதற்குக் கீழே உள்ள கடிதம் முழுவதையும் இணைப்பு என்று எடுத்துக்கொண்டு மறைத்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைப் போட்டு எழுதுங்கள் என்பதுதான் மைக்ரோசாஃப்ட் தந்த யோசனை. மென்பொருளுக்காக மனிதர்கள் தங்கள் சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும்!

நால்வர் பாடிய பாட்டு

1992 மார்ச் 11 அன்று நதேனியல் போரன்ஸ்டைன் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் ஒரு படமும் ஒரு பாட்டும் இணைக்கப்பட்டிருந்தன. பழைய காதல் பாட்டு ஒன்றின் மெட்டில், மின்னஞ்சல் அனுப்புவதைப் பற்றி அவரும் நண்பர்களும் நால்வராகச் சேர்ந்து பாடிய பாட்டு. மைம் என்ற புதிய முறையின் வெள்ளோட்டம் அது. ஜூன் மாதம் அவரும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 1341 வெளியானது. இன்று நாம் அனுப்பும் ஒவ்வோர் இணைப்பும் அந்தப் பாட்டின் வாரிசுதான்.

மைம் செய்தது ஒரே காரியம். ஊகிப்பதை நிறுத்தியது. தலைப்பகுதியில் புதிய வரிகளைச் சேர்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு என்றது. இது எழுத்தா, படமா, ஒலியா? எழுத்து என்றால் எந்தக் குறியாக்கம்? பயணத்துக்காக எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் மடலின் தலையிலேயே எழுதப்படும்.

கட்டும் முறையில் முக்கியமானது பேஸ்64. மூன்று பைட்டுகளை எடுத்து நான்கு ஆஸ்கி எழுத்துகளாக மாற்றும். மடலின் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் எந்தப் பழைய சர்வராலும் அதைக் கெடுக்க முடியாது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துதான். மைம் வென்றதன் ரகசியம் இதுதான். நடுவில் இருக்கும் ஆயிரக்கணக்கான சர்வர்களை யாரும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் இருப்பவர்கள் ஒத்துக்கொண்டால் போதும்.

அதே 1992 ஜூனில் கீத் மூர் எழுதிய ஆர்எஃப்சி 1342, தலைப்பகுதிக்குள்ளேயே பிற மொழி எழுத்துகளை வைப்பதற்கு வழி சொன்னது. ஒரு சமக்குறி, ஒரு கேள்விக்குறி, குறியாக்கத்தின் பெயர், மறுபடி கேள்விக்குறி, கட்டும் முறையைச் சொல்லும் ஓரெழுத்து, மறுபடி கேள்விக்குறி, பிறகு கட்டப்பட்ட சொல், கடைசியில் ஒரு கேள்விக்குறியும் சமக்குறியும். உங்கள் கையடக்கத் தொலைபேசியில் எப்போதாவது ஒரு மின்னஞ்சலின் பொருள் வரி இப்படிக் கேள்விக்குறி மயமாக வந்திருந்தால், அந்தக் கட்டை யாரோ அவிழ்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

பெயர் இல்லாத மொழி

ஆக 1992லேயே கதவு திறந்துவிட்டது. பிறகு ஏன் 1998இன் தமிழ் மடல் படிக்க முடியாமல் கிடக்கிறது?

தலைப்பகுதி கேட்டது ஒரு பெயரை. எந்தக் குறியாக்கம், பெயரைச் சொல். ஜப்பானியருக்கும் ருஷ்யருக்கும் சொல்வதற்குப் பெயர் இருந்தது. நமக்கு இல்லை. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது உண்மை. ஆனால் வீட்டுக் கணினியில் அது ஒழுங்காகத் தெரிவதற்கு விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை நம்மிடம் இருந்தவை எழுத்துருக்கள். ஆங்கில எழுத்து அல்லது ஐரோப்பிய எழுத்து உட்காரும் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை உட்கார வைக்கும் வித்தை. ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வோர் இடத்தில் உட்கார வைத்தது.

இதில் நம் மண்ணின் பங்கு பெரியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, பின்னர் முரசு அஞ்சல் ஆனது. பெயரிலேயே அஞ்சல் இருக்கிறது. சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். 1997இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்தார். மயிலை ஏழு பிட்டுக்குள் அடங்கியது. எந்த சர்வராலும் அதைக் கத்தரிக்க முடியாது. ஆனால் ஆங்கில எழுத்தின் நாற்காலியிலேயே தமிழ் உட்கார்ந்துகொண்டதால் ஒரே எழுத்துருவில் இரண்டு மொழியையும் எழுத முடியாது. எட்டு பிட் எழுத்துருக்களில் இரண்டும் சேர்ந்து வாழலாம், ஆனால் வழியில் கத்தரிக்கோல் காத்திருந்தது. பாதுகாப்பா, சேர்ந்து வாழ்வதா? ஒரு சிறிய மொழி எப்போதும் சந்திக்கும் கேள்விதான் இது.

இந்தச் சிதறலை ஒன்றாக்கத் திஸ்கி என்ற பொதுக் குறியாக்கம் வந்தது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது. ஒற்றுமைக்காகச் செய்த ஒவ்வொரு முயற்சியும் பட்டியலை இன்னும் நீளமாக்கியது. நல்ல நோக்கத்துக்கும் நல்ல விளைவுக்கும் நடுவில் எப்போதும் ஒரு கடல் இருக்கத்தான் செய்கிறது.

இதற்கிடையில் மடல்கள் போய்க்கொண்டேதான் இருந்தன. குறியாக்கத்தின் பெயர் என்ன என்று தலைப்பகுதி கேட்டபோது, மின்னஞ்சல் மென்பொருள் தனக்குத் தெரிந்த பெயரைப் போட்டது. ஐஎஸ்ஓ-8859-1, அதாவது மேற்கு ஐரோப்பிய மொழிகள். உள்ளே இருப்பது தமிழ். தலையில் எழுதியிருப்பது பிரெஞ்சு, ஜெர்மன். அனுப்பியவரும் பெற்றவரும் ஒரே எழுத்துருவை வைத்திருந்த வரைக்கும் இந்தப் பொய் யாரையும் உறுத்தவில்லை. இருவருக்குள் இருந்த வாய்மொழி ஒப்பந்தம் அது. “இணைமதியில எழுதியிருக்கேன், அதைப் போட்டுப் பாருங்க” என்று தொலைபேசியில் சொன்னால் வேலை முடிந்தது. அந்த ஒப்பந்தம் மடலுக்குள் எழுதப்படவே இல்லை.

மூன்று வகைச் சேதம்

என்னிடம் வரும் பழைய மடல்களை மூன்றாகப் பிரித்து வைப்பேன்.

முதல் வகையில் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, கண்ணாடிதான் தவறு. சரியான எழுத்துருவைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த நிமிடமே தமிழாகிவிடும். பொய்ச் சீட்டு ஒட்டப்பட்ட மடல்களில் இவை அதிர்ஷ்டசாலிகள்.

இரண்டாம் வகை, யாரோ நல்லெண்ணத்தோடு தொட்ட மடல். பழைய மடலைப் புதிய மென்பொருளில் திறந்து இன்னொருவருக்கு அனுப்பியிருப்பார்கள். மென்பொருளோ தலையெழுத்தை நம்பி, அந்த ஐரோப்பிய எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றியிருக்கும். பொய்யை மொழிபெயர்த்தது போல. பின்னோக்கி நடந்தால் மீட்கலாம். பொறுமை வேண்டும். இதற்கு நேர்மாறாக, யூனிகோடில் எழுதிய தமிழை மேற்கு ஐரோப்பிய எழுத்தாக வாசிக்கும் கோளாறும் உண்டு. சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிக முத்திரையும் மீண்டும் மீண்டும் வந்தால் தயங்காமல் சொல்லலாம், அது தமிழ்.

மூன்றாம் வகைதான் சாவு. ஒரு மென்பொருள் தனக்குத் தெரியாத எழுத்தைக் கண்ட இடத்தில் கேள்விக்குறியைப் போட்டு அப்படியே சேமித்துவிட்டால், மூலம் போய்விட்டது. மூவாயிரம் சொற்கள் எழுதிய கடிதம் மூன்று பக்கக் கேள்விக்குறியாக நிற்கும். எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி ஒரு மடலில் இடையில் வந்த ஆங்கிலப் பெயர்களும் தேதியும் மட்டும் பிழைத்திருந்தன. யார், எப்போது என்று தெரிகிறது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா?

யூனிகோட் வந்துவிட்டது, யூடிஎஃப்-8 எங்கும் பரவிவிட்டது. இனி என்ன என்று கேட்கலாம். பெயர் கிடைத்தது. பழைய சட்டத்தின் தழும்புகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன.

யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பேஸ்64இல் அது சரியாக நான்கு எழுத்தாகும். தமிழ் எழுத்தில் தொடங்கும் எந்தப் பொருள் வரியும் அங்கே 4, கே, 6 என்றுதான் தொடங்கும். உங்கள் மின்னஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள், அகரமுதல எழுத்தெல்லாம் அங்கே 4கே6 முதல.

ஒரு கட்டின் நீளம் 75 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. முன்னும் பின்னும் வரும் குறிகளுக்குப் போக 60 எழுத்து மிஞ்சும். அதாவது 45 பைட், பதினைந்து தமிழ்க் குறிகள். ‘சி’ என்பது சகரமும் இகரக் குறியுமாக இரண்டு என்று கணக்கு. ஆகவே கொஞ்சம் நீண்ட தமிழ்த் தலைப்பு எதுவும் துண்டு துண்டாகத்தான் பயணம் செய்யும். ஓர் எழுத்தின் பைட்டுகளை நடுவில் பிளக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை. ‘சிறுகதைத் தொகுப்பு வெளியீட்டு விழா’ என்று அழைப்பு அனுப்புகிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு 45ஆம் பைட்டில் வெட்டும் மென்பொருள், ‘தொகுப்பு’ என்ற சொல்லில் முதல் பகரத்தின் புள்ளியைச் சரியாக இரண்டாகப் பிளக்கும். புள்ளியின் இரண்டு பைட் இந்தக் கட்டில், மிச்சம் ஒரு பைட் அடுத்த கட்டில். பெறுபவருக்குப் புள்ளி இருந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். நண்பரின் அழைப்பிதழில் எழுத்துப்பிழை என்று நாம் முணுமுணுத்த சில இடங்கள் உண்மையில் 1992இன் ஒரு வரி நீளத்தால் வந்தவை.

இணைப்புகளின் கதையும் இதுவே. பொருள் வரிக்குச் சொன்ன முறையைக் கோப்பின் பெயருக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்கென்று 1997இல் ஆர்எஃப்சி 2231 தனி முறையைத் தந்தது. ஆனால் அதற்குள் பல மென்பொருள்கள் பழைய முறையையே பழகிவிட்டன. ஒன்று எழுதுவது இன்னொன்றுக்குப் புரியாது. ஆசிரியரின் கைக்கு வரும்போது உங்கள் கதையின் கோப்பு பெயரில்லாமலோ, சமக்குறியும் கேள்விக்குறியுமாகவோ வந்து நிற்கும். இன்னொரு பக்கம், அவுட்லுக்கிலிருந்து புறப்படும் சில மடல்கள் தம் இணைப்புகளை எல்லாம் ‘வின்மெயில்.டேட்’ என்ற ஒரே மூட்டைக்குள் கட்டிக்கொண்டு வரும். மைக்ரோசாஃப்டின் சொந்த வடிவம் அது. மற்ற மென்பொருள்கள் பலவற்றுக்கு அந்த மூட்டையை அவிழ்க்கத் தெரியாது.

2012இல் வந்த விதிகள் ஏழு பிட் வேலியை அதிகாரப்பூர்வமாகவே நீக்கின. தலைப்பகுதியிலும் முகவரியிலும் நேரடியாக யூடிஎஃப்-8 எழுதலாம். ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே இணைய முகவரிக்கான வால் இருக்கிறது. முழுத் தமிழ் மின்னஞ்சல் முகவரி என்பது இன்று கனவல்ல. ஆனால் வழியில் உள்ள ஒரு சர்வர் இந்தப் புதிய விதியை ஏற்காவிட்டால், அந்த முகவரிக்கு எழுதிய மடல் திரும்பிவிடும். மைம் செய்த தந்திரம் இங்கே பலிக்காது. இரண்டு முனை ஒத்துக்கொண்டால் போதாது, நடுவில் இருப்பவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் இளம் வாசகர்களுக்குச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் இலக்கிய வரலாற்றில் 1990களின் பிற்பகுதி சாதாரணமான காலமல்ல. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்கள் உலகின் பிற தமிழர்களோடு வாரக்கணக்கில் காத்திருக்காமல் பேசத் தொடங்கிய முதல் காலம் அது. அந்த உரையாடல் பெரும்பாலும் அச்சில் இல்லை. அது மூடப்பட்ட கணக்குகளிலும் துருப்பிடித்த வட்டுகளிலும் கிடக்கிறது. அதை எழுதியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

பழைய மடல் ஏதாவது உங்கள் கைக்கு வந்தால் வெட்டி ஒட்டாதீர்கள். மற்றவருக்கு மறு அனுப்புகையும் செய்யாதீர்கள். தலைப்பகுதியோடு சேர்த்து மூலக் கோப்பாகவே சேமியுங்கள். எதுவும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, புரிய வைக்க நாளை யாராவது வருவார்கள். கேள்விக்குறியாக மாறாத வரை அது உயிரோடுதான் இருக்கிறது.

அடுத்த முறை மூத்த எழுத்தாளர் ஒருவரைச் சந்திக்கும்போது, பிடித்த எழுத்தாளர் யார், எப்போது எழுத ஆரம்பித்தீர்கள் என்ற வழக்கமான கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: “ஐயா, அப்போ கணினியில எந்த எழுத்துருவுல எழுதினீங்க?” அந்தப் பதில் மடலுக்குள் இல்லை. இப்போதைக்கு அவர் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.